புபாயின் அம்மா கட்டுரை எழுதுகிறாள்

தெற்குக் கொல்கத்தாவில் பள்ளிக்கூடம் திறந்திருக்கிற எந்தக் காலைப்பொழுதிலும் புபாயின் அம்மாவைப் பார்க்கலாம். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை. எதிர் நடைபாதையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தால் கடைசி மணி அடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். பக்கத்தில் மிஷ்டியின் அம்மா, டுக்டுக்கின் அம்மா, கோகோலின் அம்மா. இவர்களுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கின்றன. வாசலில் புழங்குவது பிள்ளையின் செல்லப்பெயரும் அதன் வாலில் ஒரு 'மா'வும்தான்.

மண் குவளையில் டீ வரும். பேச்சு எல்லாம் தன்மைப் பன்மையில் நடக்கும். "எங்களுக்கு வெள்ளிக்கிழமை கட்டுரை." "நாங்கள் இன்னும் பின்னமே முடிக்கவில்லை, தீதி." "எங்களுக்குக் கையெழுத்தில் அரை மார்க் போய்விட்டது." புதிதாக யாராவது கேட்டால், இந்த வயதில் இவர்கள் எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று திகைப்பார்கள்.

எழுத்து விஷயத்தில் வங்காளக் குடும்பம் சீக்கிரமே களத்தில் இறங்கிவிடும். நமக்கு விஜயதசமி என்றால் அவர்களுக்கு வசந்த பஞ்சமி. சரஸ்வதி பூஜையன்று புரோகிதர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சுண்ணக்கட்டி பிடித்த விரல்களைத் தன் கைக்குள் அடக்கி, சிலேட்டில் முதல் எழுத்தை எழுத வைப்பார். ஹாதே கொரி என்பது அதன் பெயர். புபாய்க்கும் நடந்தது. புரோகிதர் எழுதி முடித்ததும் கையை விட்டுவிட்டார். அதை அப்படியே வாங்கிக்கொண்ட அம்மா, பையன் நாலாம் வகுப்புக்கு வந்தும் இன்னும் விடவில்லை.

போன மழையில் 'மழை நாள்' என்று ஒரு கட்டுரை கொடுத்தார்கள். புபாயின் தாத்தா வீடு டன்டனியா பக்கம். வானம் தும்மினாலே முழங்கால் தண்ணீர் நிற்கிற இடம் அது. பையன் எழுதியிருந்தது இது: 'தாத்தாவின் இடது செருப்பு மிதந்து போனது. பூனை படிக்கட்டில் இருந்து பார்த்தது. தாத்தா வலது செருப்பையும் தண்ணீரில் விட்டார். கிடைப்பவருக்கு ஜோடியாகக் கிடைக்கட்டும் என்றார்.'

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எழுந்து நின்று வாங்கிக்கொள்ளக்கூடிய நாலு வரிகள். புபாயின் அம்மா அழிரப்பரை எடுத்தாள். "செருப்பைப் பற்றி எழுதினால் மிஸ் என்ன நினைப்பார்கள்? நம் வீட்டில் தண்ணீர் ஏறுவது ஊருக்கே தெரியணுமா?" பத்தே நிமிடத்தில், ஆறு பருவங்களில் மழைக்காலத்தின் சிறப்பு, விவசாயியின் மகிழ்ச்சி, மயிலின் நடனம், கிச்சுடி, இலிஷ் மீன் வறுவல் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் இதே மயில்தான் வந்து ஆடியது. டன்டனியாவில் மயிலைக் கண்டவர் யாரும் இல்லை.

வங்காளத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. பசு மாட்டுக் கட்டுரையை மட்டும் மனப்பாடம் செய்த பையன் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அதைப் பசுவிடம் கொண்டுபோய் நிறுத்துவான். லேக் மார்க்கெட்டில் குடியிருந்து, அதே நடைபாதையில் உட்காருகிற தமிழ் மாமி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நம்மூர்ப் பையன் தென்னை மரத்தைப் படித்துப் போய், பரீட்சையில் பசு வந்ததும் அதைத் தென்னையில் கட்டிய கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு, மாமியிடம் இருந்த 'மரங்களின் பயன்' கட்டுரையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மண்ணுக்கு வேறு விதமான பெற்றோரும் தெரியும். 1828இல் எட்டு வயது ஈஸ்வர சந்திரர், அப்பா தாகுர்தாஸுடன் வீர்சிங்கா கிராமத்திலிருந்து கொல்கத்தாவுக்கு நடந்தே வந்தார். வழியோர மைல்கல்லைப் பார்த்து, அம்மியை ஏன் ரோட்டில் நட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். அது மைல் கணக்கு என்று அப்பா சொன்னதும், கல்லுக்குக் கல் பார்த்தே ஆங்கில எண்களைப் படித்துவிட்டார். நிஜமாகத்தான் படித்தானா என்று பார்க்க, அப்பா ஒரு கல்லைக் கண்ணில் படாமல் தாண்ட வைத்து அடுத்ததைக் காட்டினார். ஆறு என்று இருக்க வேண்டிய இடத்தில் தவறாக ஐந்து செதுக்கியிருக்கிறார்கள் என்றான் பிள்ளை. தாகுர்தாஸ் செய்தது அவ்வளவுதான். கூட நடந்தார், கேள்வி கேட்டார்.

அந்தப் பிள்ளைதான் பிற்பாடு வித்யாசாகர். 1855இல் அவர் எழுதிய 'வர்ண பரிச்சய்' பாடநூலில் சொன்னபடி கேட்கும் கோபாலும் அடங்காத ராக்காலும் வருவார்கள். வித்யாசாகரே சின்ன வயதில் கோபாலை விட ராக்கால் பக்கம்தான் என்று தாகூர் எழுதியிருக்கிறார். புபாயின் அம்மாவுக்கு இது தெரியும். ஆனாலும் அவளுக்கு வேண்டியது கோபால்தான். ராக்காலுக்கு யார் மார்க் போடுவார்கள்?

உபேந்திர கிஷோர் ராய் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழை 1961இல் பேரன் சத்யஜித் ராய் மறுபடி கொண்டுவந்தபோது, பிள்ளைகள் எழுதியதைப் போட 'கை பழகும் அரங்கம்' என்கிற மாதிரி ஒரு பகுதியே இருந்தது. செருப்பும் பூனையும் போக வேண்டிய விலாசம் அது. புபாயின் அம்மாவிடம் பழைய சந்தேஷ் இதழ்கள் அலமாரி நிறைய உண்டு. கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே அந்துருண்டை. பையன் தொட்டால் பக்கம் கிழிந்துவிடுமாம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு இளம் ஆசிரியை, "பிழையோடேயே எழுதட்டும், விடுங்கள்" என்றார். அமெரிக்க மொழியியலாளர் கேரல் சாம்ஸ்கி, குழந்தை காதில் கேட்டபடி முதலில் எழுதட்டும், வாசிப்பு பின்னால் வரட்டும் என்று 1971லேயே எழுதியிருக்கிறார் என்றும் எடுத்துச் சொன்னார். புபாயின் அம்மாவுக்கு மூச்சே நின்றது. வங்காளத்தில் ஒரே ஒலிக்கு மூன்று 'ஷ' உண்டு. "அந்த அமெரிக்க அம்மாவுக்கு என்ன, அவர் பிள்ளைக்கு ஒரே ஒரு எஸ்!" என்றாள் வெளியே வந்து. அன்றைக்கே கட்டுரைக்கென்று தனி டியூஷன் ஏற்பாடானது. இதில் அவளைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. 2022 ஆசர் கல்வி ஆய்வின்படி மேற்கு வங்கக் கிராமப்புறங்களிலேயே முக்கால்வாசிப் பிள்ளைகள் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள்.

மழைக் கட்டுரை திருத்தி வந்தது. பத்துக்கு ஆறு. புபாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குல்ஃபி வண்டியை நோக்கி ஓடினான். அம்மா நோட்டை விரித்து, மயிலுக்கு அடியில் இருந்த சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, நடைபாதையில் டீயோடு இருந்த மிஷ்டியின் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எவ்வளவு?"

"எட்டு."

"யாரு எழுதினது?"

"என் மாமனார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர்."