ஆறப் பொறுத்தால் பொடி

கேள்வி: அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். நானே அரைக்கும் பருப்புப் பொடி இரண்டே நாளில் கட்டி தட்டிவிடுகிறதே, ஏன்?
- ஒரு மாணவர், பொத்தேரி

பதில்: குற்றம் பருப்பினுடையதன்று, அவசரத்தினுடையது. ஒரு கிண்ணம் துவரம்பருப்பையும் கால் கிண்ணம் கடலைப்பருப்பையும் எண்ணெய் விடாமல் இளந்தீயில், மணம் எழுந்து செந்நிறம் கொள்ளும்வரை தனித்தனியே வறுத்து, மிளகாய் வற்றல், மிளகு, பெருங்காயம், உப்பு ஆகியவற்றுக்கும் சூடு காட்டிய பின், அகன்ற தட்டில் பரப்பிப் பூரணமாக ஆறவிடாமல் மிக்ஸியில் இட்டால், உஷ்ணத்தால் எழும் ஆவி மூடியில் நீராய்த் திரண்டு பொடியிலேயே சொட்டும். மின்சார ரயிலுக்குக் காத்திருக்கப் பழகிய பொத்தேரிவாசிக்குப் பருப்பு ஆறும் அரைமணி பிரமாதமன்று. சற்றுக் கரகரப்பாக அரைத்து, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் சேமியும். உலர்ந்த கரண்டி அத்தியாவசியம். சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து, அறைத் தோழருக்கும் ஒரு கவளம் கொடும்.