சட்டப்படி சுருட்டுவது எப்படி?

வாழ்த்துகள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் ஓர் அணிக்கு நீங்கள் ஜெனரல் மேனேஜர் ஆகியிருக்கிறீர்கள். பனித்தரையில் மட்டை பிடிப்பவர்களைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். உங்கள் களம் டிராஃப்ட். இளம் வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் நாள் அது. போன பருவத்தில் அடியில் கிடந்த அணிகளுக்கு முதல் பந்தி. நோஞ்சான்கள் தேறட்டும் என்று நல்ல மனசோடு எழுதிய விதி. அதைக் கையில் வாங்கியதுமே ஓட்டை எங்கே என்று புரட்டியிருப்பீர்கள். ஆகவே நேராகப் பாடத்துக்குப் போய்விடலாம்.

1. டிராஃப்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள்

மீசை முளைக்கும் முன்பே பையனை மடக்குங்கள். 1963 வரை டிராஃப்டே கிடையாது. பெரிய அணிகள் ஜூனியர் கிளப்புகளுக்குப் படியளந்தன. அங்கே ஆடிய சிறுவர்களைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன. 'சி' படிவம் என்று ஒரு தாள். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் பையனின் தொழில்முறை ஆட்டம் உங்கள் சொத்து.

ஒரு பையனுக்காக ஊரையே தத்தெடுக்கவும் தயங்காதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பாரி சவுண்டில் பாபி ஆர் என்ற சிறுவன் ஆடினான். பாஸ்டன் அணிக்கு அந்த ஊர்ச் சிறுவர் ஹாக்கியின் மேல் திடீரென்று பாசம் பொங்கி, பணம் கொடுக்க ஆரம்பித்தது. 1962-ல் பையன் பெற்றோர் சம்மதத்தோடு கையெழுத்திட்டபோது அவனுக்கு வயது 14. ஒப்பந்தத்தில் அவன் வீட்டுச் சுவருக்குப் புதுப் பூச்சும் சேர்த்தி. பின்னாளில் ஹாக்கியின் ஆகச்சிறந்த தற்காப்பு வீரர் என்று பலரும் கொண்டாடும் ஆளுக்கு, கொத்தனார் கூலியும் கொடுத்துவிட்டீர்கள். தாராள மனசு.

1963-ல் மாண்ட்ரியலின் குயின் எலிசபெத் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. எதிர்க்காதீர்கள், எழுந்து நின்று கைதட்டுங்கள். ஏற்கெனவே அணிகளின் கணக்கில் இருந்த பையன்கள் அதில் வரமாட்டார்கள். அன்று தேர்வானவர்கள் மொத்தம் 21 பேர்.

2. பண்பாட்டைக் காப்பாற்றுங்கள்

பணம் கேட்டால் முறைப்பார்கள். பண்பாடு என்று கேளுங்கள். மற்றவர்கள் தொடங்கும் முன் பிரெஞ்சு கனடிய வீரர்கள் இருவரை எடுத்துக்கொள்ளலாம் என்று மாண்ட்ரியல் அணிக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. 1969-ல் முதல் இரண்டு இடங்களும் மாண்ட்ரியலுக்கே: ரெஜான் ஊல், மார்க் டார்டிஃப். முந்தைய பருவத்தில் லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்ததும் இதே மாண்ட்ரியல்தான் என்று யாராவது முணுமுணுத்தால், தாய்மொழிப் பற்று இல்லாதவர் என்று சொல்லி வாயடைத்துவிடுங்கள்.

சலுகை அத்தோடு போயிற்று. அடுத்த ஆண்டே ஜில்பர் பெரோ என்ற பிரெஞ்சு கனடியர் வந்தார். அவருக்காகப் புதிய அணிகளான பஃபலோவும் வான்கூவரும் சக்கரம் சுற்றிப் பார்த்தன. லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் 1 என்று வாசிக்க, வான்கூவர் மேசையில் ஒரே ஆரவாரம். விழுந்திருந்ததோ பஃபலோவுக்குரிய 11. பஃபலோ மேனேஜர் பஞ்ச் இம்லாக் எழுந்து குரல் கொடுத்தார். எண்ணை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அடுத்தவர் தோல்வியை வாங்குங்கள்

இது முதுகலைப் பாடம். உங்கள் அணி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது; முதல் பந்தியில் இடமில்லை. அதனால் என்ன? தோற்கிற அணியின் இடத்தை முன்கூட்டியே வாங்கிப் போடுங்கள். 1970 மே மாதம் மாண்ட்ரியல் மேனேஜர் சாம் போலக் அதைத்தான் செய்தார். ஓக்லண்டின் சீல்ஸ் அணிக்கு எர்னி ஹிக்கி என்ற வீரரையும் அந்த ஆண்டின் தன் முதல் சுற்று வாய்ப்பையும் தந்து, ஒரு வீரரையும் 1971-ன் சீல்ஸ் வாய்ப்பையும் வாங்கிக்கொண்டார். சீல்ஸுக்கு உடனே ஆள் வேண்டும். போலக்குக்கு அவசரமே இல்லை. 1971-ல் கெபெக் மாகாணத்துப் பையன் கீ லாஃப்ளூர் டிராஃப்டுக்கு வருகிறான்; அந்தப் பருவத்தில் ஜூனியர் ஆட்டங்களில் மட்டும் 130 கோல் அடித்தவன்.

இனித்தான் திருகாணியை முறுக்க வேண்டும். சீல்ஸ் கடைசி இடத்துக்குச் சறுக்க வேண்டும். நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் அணி இன்னும் மோசமாக ஆடித் தொலைத்தால் திட்டம் பாழ். ஆகவே லாஸ் ஏஞ்சலஸைக் கைதூக்கி விடுங்கள். 1971 ஜனவரியில் அனுபவசாலி ரால்ஃப் பாக்ஸ்ட்ராமை போலக் அங்கே அனுப்பிவைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் தேறியது, சீல்ஸ் கடைசி, லாஃப்ளூர் மாண்ட்ரியலுக்கு. அவரை வைத்து அந்த அணி ஐந்து ஸ்டான்லி கோப்பைகளை வென்றது. அநியாயம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. பார்த்து ரசிக்கத்தான் தோன்றுகிறது.

4. வாங்க முடியாவிட்டால் நீங்களே தோற்றுவிடுங்கள்

எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோற்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும். 1984-ல் மரியோ லெமியூ என்ற இளம் நட்சத்திரம் டிராஃப்டுக்கு வரப்போகிறார். பிட்ஸ்பர்க்கும் நியூ ஜெர்சியும் பாதாளத்தில் போட்டி போடுகின்றன. பிட்ஸ்பர்க் என்ன செய்தது? 1981-ல் சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்ற ராண்டி கார்லைலைப் பருவம் முடியும் முன்பே வேறு அணிக்குக் கைமாற்றியது. கோல் காக்கும் ரொபெர்டோ ரோமானோ பந்தயங்களை ஜெயிக்கத் தொடங்கியதும் கீழ் லீக்குக்கு அனுப்பியது. கடைசியில் பிட்ஸ்பர்க் 38 புள்ளி, நியூ ஜெர்சி 41. லெமியூ தன் முதல் ஆட்டத்தின் முதல் அடியிலேயே கோல் போட்டார். பிற்பாடு அந்த அணியையே வாங்கினார்.

எச்சரிக்கை ஒன்று: வாயைத் திறக்காதீர்கள். 1993-ல் ஒட்டாவாவும் சான் ஹோசேவும் ஆளுக்கு 24 புள்ளியோடு அடியில் கிடந்தன. வெற்றி ஒன்று குறைவு என்பதால் ஒட்டாவாவுக்கு முதல் இடம். வேண்டுமென்றே தோற்றதற்கு ஆதாரம் இல்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் அணித் தரப்பில் நிருபர்களிடம் பேசிய பேச்சுக்கு 1,00,000 டாலர் அபராதம். அத்தனை பாடுபட்டு எடுத்தது அலெக்சாண்டர் டேக் என்பவரை. இரண்டாவதாகப் போன கிறிஸ் ப்ராங்கர்தான் பிறகு புகழரங்கம் ஏறினார். 1995-லிருந்து கடைசி அணிகளுக்குள் குலுக்கல் வந்துவிட்டது. பார்த்தீர்களா, ஒருவர் உளறினால் தொழிலே கெடுகிறது.

5. ஆள் இல்லாவிட்டாலும் எடுங்கள்

1974 டிராஃப்ட் தொலைபேசியில், ரகசியமாக, நாள்கணக்கில் நடந்தது. போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். ஒவ்வொரு சுற்றிலும் கேம்பெல் போனில் பெயர்களை நிதானமாக வாசிக்க, நம்ம இம்லாக்குக்குப் பொறுமை போயிற்று. 11-வது சுற்றில், 183-வது ஆளாக, டோக்கியோ கட்டானாஸ் அணியின் டாரோ சுஜிமோட்டோ என்று எழுதச் சொன்னார். லீக்கும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டது. அப்படி ஓர் ஆளும் இல்லை, அப்படி ஓர் அணியும் இல்லை. பயிற்சி முகாமுக்கு ஜப்பான்காரர் எப்போது வருவார் என்று நிருபர்கள் கேட்கும்வரை ரகசியம் காத்திடுங்கள். லீக் பிறகு அந்த இடத்தைச் செல்லாத தேர்வு என்று திருத்தியது. பஃபலோ ரசிகர்களோ டாரோ வேண்டும் என்று பல காலம் கோஷம் போட்டார்கள். சம்பளம் கேட்காத, காயம் படாத வீரர் வேறு எங்கே கிடைப்பார்?

6. எண்ணத் தெரிந்தவரை வேலைக்கு வையுங்கள்

1989-ல் சோவியத் பையன் பாவெல் பூரே மேல் எல்லோருக்கும் கண். ஆனால் பிந்தைய சுற்றுகளில் எடுக்க, மேல்மட்ட ஆட்டங்கள் இத்தனை ஆடியிருக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அது தேறாது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். வான்கூவர் ஆட்கள் சர்வதேச, காட்சி ஆட்டங்களையும் சேர்த்து எண்ணி ஆறாவது சுற்றில் அள்ளிவிட்டார்கள். அறையில் கூச்சல். லீக் முதலில் செல்லாது என்றது, 1990 ஜூனில் செல்லும் என்று மாற்றிக்கொண்டது. பூரே இரண்டு பருவங்கள் அடுத்தடுத்து 60 கோல் அடித்தார்.

ஆட்டக் கணக்கு உதவாவிட்டால் பஞ்சாங்கத்தைப் பிரியுங்கள். 2003-ல் வயது வரம்புக்கான கெடு செப்டம்பர் 15. அலெக்சாண்டர் ஒவெச்கின் பிறந்ததோ 1985 செப்டம்பர் 17. இரண்டே நாள்! ஃப்ளோரிடா அணி தளரவில்லை. அவர் பிறந்த பிறகு வந்த நான்கு லீப் நாள்களைத் தள்ளிவிட்டால் வயது சரியாகிவிடும் என்று வாதாடி, டிராஃப்டின் பின்பகுதியில் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தது. லீக் ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆண்டு வாஷிங்டன் அவரை முதல் ஆளாக எடுத்தது. 2025-ல் அவர் வெய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் என்ற லீக் சாதனையைத் தாண்டினார். நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்தனை பின்னால் கிடைக்கும் வாய்ப்பில் வேறு யாரைக் கூப்பிட்டிருப்பீர்கள், டாரோவையா?