எட்டரை மணிக் குமரன்

கருமத்தம்பட்டி நால் ரோட்டிலிருந்து சோமனூர்ப் பக்கம் திரும்பினால், தறிச் சத்தம் கேட்காத வீதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரை வீட்டில் யாரும் வேலை ஏவுவதில்லை. ஏவினாலும் அவர் காதில் விழாது.

நம்ம அண்ணன் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஆறு தறிக்கு ஒரே ஆள். (பெயர் எதற்கு? வீதிக்கு ஒருவர் இருக்கிறார்.) பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடந்தே தீர வேண்டும். உட்காருவது கரண்ட் போனால்தான். தறிக் குடோனுக்குள் பேச்செல்லாம் கைச்சாடைதான். டீ வேண்டுமென்றால் கட்டைவிரலை உதட்டில் வைப்பார். முதலாளி வருகிறார் என்பதற்குத் தனிச்சாடை உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

எட்டேகாலுக்குத் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு திண்ணையில் வந்து விழுவார்.

"ஏனுங்க, சிலிண்டர் வாசல்லயே கெடக்குது. சித்த உள்ள தூக்கி வெய்யுங்களேன்."

"மேலெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்குது புள்ள. முழங்காலை மடக்கவே முடியல."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அண்ணி பாவப்பட்டு நாலு தோசை ஊற்றுவார். நாலு ஏழாகும். அதற்குள் கோயில் மைதானத்தில் மைக் கரகரக்கும். வள்ளி கும்மி பழக ஆட்கள் கூடுவார்கள்.

கும்மிக் கதையில் முருகன் தள்ளாத கிழவனாக வள்ளியின் தினைப்புனத்துக்கு வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்றுவிட்டு, பிறகு குமரனாகக் காட்சி தருவார். முருகன் அதை ஒரு தடவைதான் செய்தார். அண்ணனுக்கு அது தினப்படி.

மைதானத்தில் அவரைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆசிரியர் பாட்டெடுத்ததும் குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, ஒரு சுற்று சுழன்று குதித்து இறங்குவார். மடங்காத முழங்கால் அதுபாட்டுக்கு மடங்கும். அடி தப்பும் காலேஜ் பையன்களை, "ஏப்பா, ராத்திரிச் சோறு திங்கலையா?" என்று அதட்டுவார். பத்தரைக்கு ஆசிரியரே, "போதுமுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றால், "இன்னொரு பாட்டு போடுங்க" என்று முதலில் கேட்பது அண்ணன் குரல்தான்.

கொங்குப் பக்கம் சில வருஷங்களாக இதுதான் ராத்திரி உத்தியோகம். அன்னூர், அவிநாசி, பல்லடம் எங்கே போனாலும் பனியன் கம்பெனி ஆளும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். அலுப்பைப் போக்கத் தண்ணீர் குடி, சீக்கிரம் தூங்கு என்று சொல்கிறவர்கள் இந்த மைதானத்தை ஒரு நாள் எட்டிப் பார்க்கலாம். எனக்கென்னவோ, நூல் இழுத்த இழுப்புக்கெல்லாம் நடந்த கால், ராத்திரியில்தான் தன் இஷ்டத்துக்கு ஆடிப் பார்க்கிறது என்று படுகிறது. அண்ணியிடம் இதைச் சொல்லிவிட வேண்டாம்.

வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. அண்ணனுக்கு அது பெரிய ஆயுதமாகிவிட்டது.

"எம்பத்தேழு வயசுலயும் அந்தப் பெரியவர் பேரு வாங்கறாரு. எனக்கு நாப்பத்தஞ்சுதான் ஆகுது."

"அந்தப் பெரியவர் பொம்பளைகளுக்கும் கும்மி சொல்லிக் குடுத்தவருங்க. நாளைக்கு நானும் வாறேன்."

மறுநாளிலிருந்து அண்ணியும் வட்டத்தில். ஒரே வாரத்தில் அடி சுத்தமாக வந்துவிட்டது. அண்ணன் இப்போது அவர் காலைப் பார்த்துத்தான் ஆடுகிறார். சிலிண்டரை மகன் உருட்டிப் பழகிக்கொண்டான்.

அரங்கேற்றத்தன்று ஊரே திரண்டது. ஒரே நிறச் சட்டை, ஒரே நிறச் சேலை, காலில் சலங்கை. அண்ணன் ஒரு சுற்றுகூட உட்காரவில்லை. முன்வரிசை நாற்காலியில் நன்கொடையாளராகத் தறி முதலாளி. முடிந்ததும் பொன்னாடை போர்த்திவிட்டு அண்ணன் தோளைத் தட்டினார்.

"பிரமாதமுங்க! இத்தனை தெம்பை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நாளையிலிருந்து இன்னும் ரெண்டு தறி சேத்திப் பாத்துக்கலாமல்ல?"

அண்ணன் அங்கேயே இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க," என்றார் அண்ணி, "நேத்து வலிச்சது வலது காலுங்களே?"