அணைத்துவிடாதீர்கள்

ஜனங்கள் மைக்ரோசாஃப்டிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. திரையின் அடியில் கிடக்கும் பட்டையை இடப்பக்கம் வைத்துக்கொள்ள விடுங்கள். பாதி வேலையில் கணினியை நிறுத்தி மறுபடி எழுப்பாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம் போடாதீர்கள். சொந்தக் காசு போட்டு வாங்கிய பெட்டியைத் திறக்க, உங்களிடம் ஒரு கணக்கு தொடங்கச் சொல்லாதீர்கள். நேற்றுவரை அச்சடித்த பிரிண்டர் நாளையும் அச்சடிக்கட்டும். அவ்வளவுதான்.

செயற்கை அறிவு வேண்டும் என்று யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதுதான் வந்தது. வரும்போதே மின்சாரம் எங்கே, தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொண்டு, நேராக நம் ஜொகூரின் கூலாய்க்கு வந்தது.

முதலில் பட்டையின் கதை. விண்டோஸ் 95 காலத்திலேயே அதைப் பிடித்து இழுத்து, திரையின் நான்கு பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். 2021 அக்டோபர் 5-ஆம் தேதி விண்டோஸ் 11 வந்தது. பட்டையை அடியில் ஆணி அடித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டாக இருந்த வசதி, முன்னேற்றத்தின் பேரால் காணாமல் போனது. குறை சொல்வதற்கென்றே விண்டோஸுக்குள் ஃபீட்பேக் ஹப் என்று ஒரு செயலி உண்டு. போய்ச் சொன்னார்கள். வாக்குகள் குவிந்தன. 2022-இல் நிறுவனத்தின் தரப்பிலிருந்து பதில் வந்தது: பட்டையை நகர்த்துவோர் குறைவு, நகர்த்தினால் மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றவேண்டி வரும், இப்போதைக்கு அது முன்னுரிமை இல்லை. உலகின் மிகப் பணக்கார நிறுவனங்களில் ஒன்றுக்கு ஒரு பட்டையைத் தொண்ணூறு டிகிரி திருப்ப ஆள் பற்றவில்லை. நம்புவோம்.

கடிகாரத்தில் வினாடி காட்டுவதையும் எடுத்தார்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனியாகப் பெயர் காட்டுவதையும் எடுத்தார்கள். 2023-இல் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள், புது வசதிகள் என்ற பட்டியலில். வீட்டுக்காரன் வாடகைக்காரனின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு வருடம் கழித்து ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து நீட்டுவதைப் போல. நாமும் நன்றி சொன்னோம். வேறு வழி?

ஆனால் இவர்களுக்கு வேகம் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி முடிவான தமிழ் 99 விசைப்பலகை, விண்டோஸ் 10-க்குள் வந்து சேர்ந்தது 2019-இல். இருபது வருடம். அதற்கும் முன்னால், 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கி, கணினியில் தமிழை ஓட்டிக் காட்டியவர் நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன். இனி மறுபக்கம். 2023 பிப்ரவரியில் செயற்கை அறிவு பிங் தேடலில் அரட்டையாகத் தலைகாட்டியது, பிற்பாடு கோபைலட் என்று பெயர் மாறியது. 2024 ஜனவரியில் அதற்கென்று விசைப்பலகையில் தனி விசையே அறிவித்துவிட்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கு இருபது வருடம். ஒரு விற்பனைத் திட்டத்துக்குப் பதினோரு மாதம்.

அப்புறம் ரீகால். 2024 மே 20-ஆம் தேதி அறிவித்தார்கள். சில வினாடிக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் மறந்ததை அது ஞாபகப்படுத்தும். வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, சண்டை போட்டு அனுப்பிய மின்னஞ்சல், எல்லாம். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தக் களஞ்சியத்தை எடுத்துப் படிப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டினார்கள். அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. 2025 ஏப்ரலில், பூட்டுப் போட்டு, நீங்களே விரும்பினால் மட்டும் என்று சொல்லி மறுபடி கொண்டுவந்தார்கள். கேட்டது யார்? அந்தக் கேள்விக்கு மட்டும் ரீகாலில் பதில் இல்லை.

இனி ஜொகூர் பாருவில் ஒரு கணினிக் கடை. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். 2017-இல் வாங்கியது. கோவிட் காலத்தில் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் அதில்தான் படித்தார்கள். கடைப் பையன் திறந்து பார்க்கிறான்.

“என்ன தம்பி கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்ல ஐயா. சிப்பு ஏழாவது தலைமுறை. எட்டாவதுல இருந்துதான் விண்டோஸ் 11 எடுக்கும்.”

“நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும்லா ஐயா. ஆனா அவன் ஒத்துக்க மாட்டான்.”

அவன் ஏன் ஒத்துக்கமாட்டான்? பாதுகாப்பு. டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், புதிய சிப் வேண்டும். சரி, பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு. ஏழாவது தலைமுறை இன்டெல் சிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தினார்கள். அந்தத் தலைமுறை லேப்டாப் சிப்புகளில் ஒன்றை மட்டும் உள்ளே விட்டார்கள்: ஐ7-7820ஹெச்க்யூ. அதற்கு என்ன விசேஷம்? மைக்ரோசாஃப்டே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் இருந்த சிப் அது. தன் வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு விதி தளர்ந்தது. ஆசிரியருக்கு இது புதிய அனுபவமாக இருந்திருக்காது. நம் நாட்டில் பல்கலைக்கழக இடத்துக்கு விண்ணப்பித்த எவருக்குமே புதிதில்லை.

2015-இல் விண்டோஸ் 10 வரவிருந்தபோது ஒரு மாநாட்டு மேடையில் ஜெர்ரி நிக்சன் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர், இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்றார். இனி புதிதாக வாங்கவேண்டாம், இதையே மெருகேற்றிக்கொண்டே போவோம் என்று உலகம் புரிந்துகொண்டது. கடைசிப் பதிப்புக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி கடைசி நாள் குறித்தார்கள். அன்றோடு ஆதரவு நின்றது. மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். மாறியவர்களுக்கு அதே அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட் என்ன செய்தது தெரியுமா? கணினி படுத்துவிட்டால் எழுப்பும் மீட்புத் திரையில், யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்க வைத்தது. மீட்க ஒரு அறை இருக்கிறது, உள்ளே போனால் கையில்லை. ஆறு நாள் கழித்து அவசர அப்டேட் அனுப்பினார்கள். அப்டேட்டைச் சரிசெய்ய அப்டேட்.

பழையதிலேயே இருக்கிறேன் என்றவர்களுக்கும் 2025-இல் ஒரு வழி வைத்தார்கள். 30 டாலர் கட்டினால் ஒரு வருடம் பாதுகாப்பு. இல்லையா, பிங்கில் தேடித் தேடிச் சேர்த்த 1000 வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்கலாம். அதுவும் இல்லையா, உங்கள் அமைப்புகளை ஒன்டிரைவில் கொண்டுபோய் வையுங்கள், இலவசம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு சண்டை போட்டது. அங்கே இந்த நிபந்தனை இல்லாமலே இலவசமாக்கினார்கள். ஓட்டை எல்லா நாட்டிலும் ஒரே ஓட்டைதான். அடைக்கும் விலைதான் சத்தம் போடும் திறமையைப் பொறுத்தது. நமக்கு? நாம் மரியாதையான ஜனங்கள். பணம் கட்டுவோம்.

ஆசிரியரின் லேப்டாப் எங்கே போகும்? 2023 டிசம்பரில் கனலிஸ் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. இந்த ஆதரவு நிறுத்தத்தால் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும். மடித்த லேப்டாப்களாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நிலாவின் விட்டத்தைவிட 600 கிலோமீட்டர் கூடுதல் உயரத்தில் நிற்குமாம். இந்த மின்கழிவு நிலாவுக்குப் போகப்போவதில்லை. கன்டெய்னரில் ஏறித் தென்கிழக்காசியாவுக்கு வரும். அமெரிக்க மின்கழிவு ஆசியாவுக்கு எப்படி வருகிறது என்று பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு 2025 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. முதன்மை இலக்காக அது காட்டிய நாடு மலேசியா. அவர்கள் எறிவது நம்மிடம் வரும். நாம் எறிவதும் நம்மிடமே இருக்கும்.

இதற்கிடையில் விண்டோஸ் 11 நமக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறது. செட்டிங்ஸுக்குள் போனால் மின்சிக்கனப் பரிந்துரைகள் இருக்கின்றன. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், கரியமில வாயு குறையும். 2022 முதல், முடிந்த இடங்களில், மின்சாரம் தூய்மையாகக் கிடைக்கும் நேரம் பார்த்து அப்டேட் இறங்குமாம். அவ்வளவு அக்கறை. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட தன் அறிக்கையில், 2020-ஐவிடத் தன் கரிம உமிழ்வு 29 சதவீதம் ஏறிவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஏற்றத்துக்குப் பெரிய காரணம் டேட்டா சென்டர் கட்டுமானம். ஸ்கூடாயில் ஒரு பாட்டி திரை வெளிச்சத்தைக் குறைத்து அதை ஈடுகட்ட வேண்டும்.

கட்டுமானம் எங்கே? நெடுஞ்சாலையில் செடனாக் பக்கம் போய்ப் பாருங்கள். எண்ணெய்ப்பனை நின்ற மண்ணில் சன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள். 2019-இல் சிங்கப்பூர் புதிய டேட்டா சென்டர்களுக்கு வாசலைச் சாத்தியது. மின்சாரம், நிலம் எல்லாம் யோசிக்கவேண்டும் என்றது. 2022-இல் கொஞ்சமாகத் திறப்பதற்குள் கூட்டம் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் அறிவித்த வளாகம் மட்டும் 500 மெகாவாட். 2024 மே மாதம் சத்யா நாடெல்லா கோலாலம்பூருக்கு வந்து மலேசியாவில் 220 கோடி டாலர் முதலீடு என்றார். அடுத்த மாதம் கூலாயில் சுமார் 123 ஏக்கர் நிலத்தை மைக்ரோசாஃப்டின் துணை நிறுவனம் 40 கோடியே 23 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. பட்டையை நகர்த்த ஆளில்லை என்றார்களே, ஆட்கள் இங்கே நிலம் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

முதலீடு வரட்டும், வேலை வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்தக் கட்டடங்களுக்குத் தாகம் எடுக்கும். சிப்புகள் கொதிக்கும், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். ஜொகூர் மாநில அரசுக்கே வயிறு கலங்கியது. 2024-இல் ஒரு குழு அமைத்து, வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தள்ளினார்கள். 2025 நவம்பரில், தண்ணீரை மொண்டு குடிக்கும் முதல், இரண்டாம் நிலை மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்றார்கள். நல்லது. அடிக்கல் நாட்டி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்து முடித்த பிறகாவது தண்ணீரின் ஞாபகம் வந்ததே.

புதுக் கணினி வாங்கவேண்டாம், பழையதில் ரேம் கூட்டிக்கொள்கிறேன் என்று கடைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் தங்கமே கொஞ்சம் அடக்கமாகத் தெரிந்தது. காரணம் அதே டேட்டா சென்டர்கள். உலகத்து நினைவகச் சிப்புகளை அவை வாரிக்கொண்டு போகின்றன. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. செயற்கை அறிவு மையங்களின் தேவையைக் கவனிக்கவேண்டுமாம். அந்த மைக்ரோனுக்கு நம் மூவாரில் ஆலை இருக்கிறது. மண் நம்முடையது, மின்சாரம் நம்முடையது, வேலை பார்க்கும் கை நம்முடையது. ரேம் மட்டும் நமக்கில்லை.

நம் அரசாங்கத்தைச் சும்மா விட்டால் பாவம் சேரும். 2004-லேயே பொதுத்துறைக்குத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டவர்கள் இவர்கள். ஒரே கம்பெனியை நம்பி இருக்கவேண்டாம் என்ற ஞானம் அப்போதே இருந்தது. இன்று ஏதாவதொரு கவுண்டரில் எண் எடுத்துவிட்டு உட்காருங்கள். அந்தப் பக்கம் எந்தத் திரை ஒளிர்கிறது என்று எட்டிப் பாருங்கள். நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். 27 சதவீதம், அணைத்துவிடாதீர்கள். கவுண்டர் அம்மா புன்னகையோடு “சிஸ்டம் டவுன்” என்பார். யாரும் கோபப்படமாட்டோம். மழை பெய்கிறது என்று சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்து போவோம். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற வேறொரு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட். 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. ஏர் ஏசியா பயணிகள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். தவறு மைக்ரோசாஃப்டுடையது அல்ல, உண்மை. ஆனால் எல்லா முட்டையையும் அந்தக் கூடையில் கொண்டுபோய் வைத்தது நாம்தான்.

2025 நவம்பரில் விண்டோஸின் தலைவர் பவன் தவுலூரி எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டார். விண்டோஸ் இனி நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஜென்ட்களின் இயங்குதளமாக வளர்கிறது என்று. உலகம் முழுவதிலுமிருந்து கொட்டித் தீர்த்தார்கள். பட்டை, விளம்பரம், வேகம், பிரிண்டர், யாருக்கும் இது வேண்டாம் என்ற கூச்சல். பல வருட ஃபீட்பேக் ஹப் ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. அவர் மறுமொழிப் பகுதியை மூடினார். அந்த வசதி மட்டும் எந்தப் பிழையும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே வேலை செய்தது.