ஒரே புகைக்குழாய்

கேள்வி: புனிதர்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது. அவர்களைப் போல ஒதுக்கப்பட்டவர்களிடம் போகத் தோன்றவில்லையே, ஏன்?

பதில்: நாம் பார்ப்பது சுரூபத்தை. கழுவித் துடைத்து, பூ வைத்த சுரூபத்துக்கு மூக்கு இருந்தும் நாற்றம் தெரியாது. புனித தமியானுக்குத் தெரிந்தது!

ஹவாய் அரசு தொழுநோயாளிகளைப் பிடித்து மொலோக்காய் தீவில் கொண்டுபோய் விட்டது. பின்னால் மலை, முன்னால் கடல், தப்ப வழியில்லை. 1873-இல் அங்கே போய் இறங்கினார் பெல்ஜியத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை தமியான். வயது 33. குடிசைகளுக்குள் புண் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கியிருக்கிறார். அதைச் சமாளிக்கத்தான் புகைபிடிக்கவே பழகினார். எனக்கு அவர்மேல் பாசம் வந்தது இந்த இடத்தில்தான். குமட்டல் நமக்கு வருவது போலவே அவருக்கும் வந்திருக்கிறது. வந்த பிறகும் திரும்பக் குடிசைக்குள் போயிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு அதே புகைக்குழாயை நோயாளிகளோடு மாற்றி மாற்றிப் புகைத்தார். சேப்பங்கிழங்குக் கூழை ஒரே பாத்திரத்தில் அவர்களோடு கைவிட்டுச் சாப்பிட்டார். புண்ணுக்குக் கட்டுப்போட்டார், வீடு கட்டினார், குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார், சவப்பெட்டியும் செய்தார்.

1884-இல் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தார். தோல் வெந்தது, சூடு தெரியவில்லை. நோய் வந்துவிட்டது. 1889-இல் இறந்தார்.

1936-இல் உடலை பெல்ஜியத்துக்கு எடுத்துப்போனார்கள். 1995-இல் வலது கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பியது. புண்ணுக்குக் கட்டுப்போட்ட அந்தக் கை, பழைய கல்லறையிலேயே இருக்கிறது.