குடவோலையும் டீக்கடையும்
முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 921இல் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கவனிக்கும் வாரியங்களுக்கு, அதாவது ஊர்க்குழுக்களுக்கு வருவோர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், நிலமும் சொந்த மனையில் வீடும் கல்வியும் உடையவராக இருக்க வேண்டும் என்றும், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரின் பெயரும் குடவோலையில், அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறையில், இடப்படலாகாது என்றும் விதித்தது (பெண்களும் நிலமற்றோரும் அந்தக் குடத்தை எட்டிப்பார்க்கவும் இயலாது என்பது வேறு கதை). அதே ஊரின் டீக்கடைப் பெஞ்சிலோ, சந்திரயான் இறங்கிய இடம், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உட்புறம், செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம் ஆகிய மூன்றின் மீதும் ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வழங்கப்படுகிறது. அங்கே வயது வரம்பும் இல்லை, நேற்றுச் சொன்னது பொய்த்தால் மைத்துனருக்குத் தடையும் இல்லை. குடித்த டீயின் கணக்கு மட்டும் நோட்டில் ஏறுகிறது.