ஸ்பெயின்காரருக்கு ஒரு பாறசாலைக் கையேடு

ஸ்பெயினுக்குப் போகிற நம்மவர்களுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு முன் ஓட்டலில் சாப்பாடு கேட்காதே, மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள், அறிமுகமானால் இரண்டு கன்னத்திலும் முத்தம் தருவார்கள், பயந்து பின்னால் நகராதே என்றெல்லாம். அங்கிருந்து பாறசாலைக்கு வருகிறவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. கோவளத்துக்கும் பூவாருக்கும் எண்ணெய்த் தேய்ப்புக்கு வருகிற கூட்டத்தில் ஒருவராவது பஸ் மாறி ஏறி இங்கே வந்து இறங்காமலா போவார்? அவர் கையில் கொடுக்க வேண்டிய கையேடு இது.

சென்யோர், நீங்கள் இறங்கியிருக்கும் இடம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர், நெய்யாற்றின்கரை தாலுகா. கேரளம் இங்கே தீர்ந்துபோகிறது. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. எல்லை என்றதும் முள்வேலியையும் மோப்ப நாயையும் தேட வேண்டாம். உங்கள் ஊர் தூயிக்கும் போர்ச்சுகலின் வலென்சாவுக்கும் நடுவே மின்யோ ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறுகிறதே, அந்த மாதிரி எல்லை. இங்கே கடிகாரம் மட்டும்தான் மாறாது. பெட்ரோல் விலை, பஸ் கட்டணம், பந்த் நாள், குடிக்கிற சட்டம், சூதாடுகிற சட்டம் எல்லாம் மாறும். போர்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்து எந்த மாநிலம் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு எழுத்தும் எழுதிய போர்டு இரண்டு பக்கமும் தொங்கும்.

முக்கியமான எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே யாரிடமும் "நீங்கள் தமிழரா, மலையாளியா?" என்று கேட்காதீர்கள். பதில் தெரியாது என்பதல்ல, பதில் நீளம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்யாணச் சம்பந்தம் மார்த்தாண்டத்தில், ரேஷன் கார்டு கேரளத்தில், தென்னந்தோப்பு விளவங்கோட்டில் என்று தொடங்கினால் உங்கள் சாயா ஆறிவிடும். கேட்டே தீருவீர்கள் என்றால் கொஞ்சம் பழைய கதை தெரிந்துகொண்டு கேளுங்கள். திருவிதாங்கூரின் தமிழ் பேசும் தாலுகாக்களை எல்லாம் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரையின் தெற்குப் பகுதியையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோடு போட்டவர்கள் ஒருவர் வீட்டு அடுக்களையையும் எட்டிப் பார்க்கவில்லை.

உங்களுக்கு இது புரிய வேண்டும். ஒரு கத்தலானிடம் போய் "நீ ஸ்பானியன்தானே" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கரைக்கு முதலில் வந்த பெயர்பெற்ற உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் சேவியர், எங்கள் வாயில் புனித சவேரியார். 1506இல் நவார் நாட்டு ஹவியேர் கோட்டையில் பிறந்தபோது அது தனி அரசு. 1512இல் காஸ்டிலியப் படை வந்து பிடித்துக்கொண்டது. பிறகு கோட்டையின் மதிலையும் கோபுரங்களையும் இடித்தார்கள். தாய்மொழி பாஸ்க். போர்ச்சுகல் ராஜா அனுப்பி, கோவா வழியாக வந்தார். அவரிடம் போய் "எந்த நாடு?" என்று கேட்டிருந்தால் அவருடைய சாயாவும் ஆறித்தான் போயிருக்கும்.

சவேரியாரைப் பயணி என்ற கண்ணோடு பார்த்தால் கற்க நிறைய இருக்கிறது. தமிழ் தெரியாது. என் மொழி பாஸ்க், இவர்கள் மொழி மலபார் (அதாவது தமிழ்), ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதில்லை என்ற பொருளில் கடிதமே எழுதினார். அதற்காக ஓட்டல் அறையில் உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கினார், உருப்போட்டார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். 1544 கடைசியில் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் கடிதம் சொல்கிறது. உங்களுக்கு அவ்வளவு இலக்கு வேண்டாம். நாலு வாக்கியம் உருப்போட்டால் போதும். மணி மட்டும் வேண்டாம், ஐஸ் விற்கிறவர் என்று பிள்ளைகள் ஓடி வந்துவிடும்.

அவர் இறந்த டிசம்பர் 3 அன்று கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதே நாளில் உங்கள் நவாரிலும் விடுமுறை. இது நம்புகிறபடி இல்லை, ஆனால் நிஜம். அன்றைக்குப் பாம்ப்லோனாவில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும் அதே காரணத்துக்காக நாகர்கோவிலிலும் பூட்டிக் கிடக்கும். பாறசாலையில் மட்டும் வேலை நடக்கும், ஏனென்றால் நாங்கள் வேறு மாநிலம். அதற்குப் பதிலாகப் பொங்கலுக்கு எங்களுக்கும் லீவு: தமிழ்நாட்டை ஒட்டிய ஆறு கேரள மாவட்டங்களுக்கு அரசு தருகிறது. ஓணத்துக்குக் குமரி மாவட்டத்தில் லீவு. எல்லையில் குடியிருந்து இந்தக் கரையில் ஒருவரும் அந்தக் கரையில் ஒருவரும் வேலை பார்க்கும் தம்பதிக்குக் கூட்டுக் காலண்டர் தயாரிப்பது தனிக் கலை.

இனி செலவு விஷயம். பெட்ரோல் களியக்காவிளையில் போடுங்கள், கேரளத்தைவிட விலை குறைவு. இதை ரகசியமாகச் சொல்லத் தேவையில்லை, அங்கே வரிசையில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கள் குடிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆனால் மாதம் பிறக்கிற முதல் தேதி கேரளத்தில் மதுக்கடைகள் திறக்காது. அன்றைக்குத் தாகம் எடுக்கும் பெரிய மனிதர்கள் "ஒரு கல்யாணம் விசாரிக்க" களியக்காவிளை வரை போய்வருவார்கள். கூட வருகிறீர்களா என்று உங்களைக் கேட்டால் மணப்பெண் யார் என்று விசாரிக்காதீர்கள்.

லாட்டரி உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1812இல் காதிஸில் ஆரம்பித்த கிறிஸ்துமஸ் லாட்டரியை இன்றுவரை விடாமல், டிசம்பர் 22 அன்று பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி எண்களைப் பாட்டாகப் பாட வைக்கும் ஜனங்கள் நீங்கள். கேரளம் 1967இல் அரசே லாட்டரித் துறை வைத்தது. தமிழ்நாடு 2003இல் தடை போட்டுவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்து ஆட்கள் அதிர்ஷ்டம் தேட இந்தப் பக்கம் வருகிறார்கள். ஓணம் பம்பருக்கு முதல் பரிசு 25 கோடி வரை போயிருக்கிறது. சீட்டை விற்கிறவர் "இது அடிக்கும் சாரே" என்று சத்தியம் செய்வார். அடிக்கும் என்றால் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பது நாகரிகமில்லை.

உங்கள் மனைவியும் வந்திருந்தால் களியக்காவிளையில் தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் பூஜ்ய ரூபாய்ச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உங்களிடம் மட்டும் காசு கேட்கும்போது முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். இந்த ஊர் ஆண்கள் பழகிவிட்டோம்.

சாப்பாடு. உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுவது பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். 1940இல் பிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததற்கும் அதில் பங்கு உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். கவலை வேண்டாம், தட்டுக்கடை இருக்கிறது. இருட்டின பிறகுதான் அடுப்பே பற்றும். நின்றுகொண்டே தோசை, ரசவடை, ஆம்லெட், கட்டன் சாயா. காரம் தாங்கவில்லை என்று கண்ணீர் விட்டால் கடைக்காரர் தண்ணீர் தருவார், அனுதாபம் தர மாட்டார். 1492இல் காஸ்டில் ராணி காசு கொடுத்துக் கொலம்பஸை அனுப்பாமல் இருந்திருந்தால் மிளகாய் எங்கள் அடுப்புக்கு வந்திருக்குமா? மரச்சீனிக் கிழங்கும் கொலம்பஸ் போன பக்கத்துச் சரக்குதான். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியதில் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு. வேகவைத்த மரச்சீனியும் மத்திக் குழம்பும் உங்கள் முன்னால் வந்தால் அந்நிய உணவு என்று தயங்காதீர்கள், பாதி உங்களால் வந்தது. வெயிலுக்கு எலுமிச்சைச் சாறு வேண்டுமென்றால் "போஞ்சி" கேளுங்கள். திருச்சூர்க்காரரே விழிப்பார், உங்களுக்குக் கிடைத்துவிடும்.

உடை வாங்கத் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே பாலராமபுரம் போங்கள். கசவு போட்ட வேட்டி, கேரளத்தின் அடையாளம் என்று சுற்றுலாப் பத்திரிகை எல்லாம் படம் போடுகிறதே, அது. திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய சாலியர்கள் நெய்யத் தொடங்கியது. தமிழ் பேசும் தறியில் நெய்த மலையாள அடையாளம். அதைக் கட்டிக்கொண்டு மேலே சொன்ன கேள்வியை இன்னொரு முறை கேட்டுப் பாருங்களேன்.

நடைப் பிரியர்களுக்கு ஒரு சொல். சந்தியாகோவுக்கு 800 கிலோமீட்டர் நடந்ததாகப் பெருமை பேசுவீர்கள். ஐந்து வாரம், இடையில் ஒயின், மெத்தை. சிவராத்திரிக்கு வாருங்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் பனையோலை விசிறி, ஓட்டமாக ஓடுவார்கள். ஓடுவது சிவன் கோயில்களுக்கு, கூப்பிடுவது "கோவிந்தா, கோபாலா". ஏன் என்று கேட்க மூச்சு மிச்சமிருந்தால் கேளுங்கள்.

ஓட முடியாதவர் நவராத்திரிக்கு வரலாம். பத்மநாபபுரத்திலிருந்து யானைமேல் சரஸ்வதி, பல்லக்கில் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். அரண்மனைகள் போய் ஆட்சிகள் மாறியும் பயணம் நிற்கவில்லை. முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாவது நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில். களியக்காவிளையில் தமிழ்நாட்டு போலீஸ் சல்யூட் அடித்துவிட, கேரள போலீஸ் சல்யூட் அடித்து ஏற்றுக்கொள்ளும். சாமிக்கே எல்லையில் காவல் மாறுகிறது. சரஸ்வதி போய் அமர்கிற திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கல்விக்கு அதிபதி பெண் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2006இல் அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள். 1924இல் இந்த ஊரில் பிறந்தவர். வேறெதையும் மறந்தாலும் இந்தப் பெயரை மட்டும் உருப்போடுங்கள், ஊரில் மரியாதை கிடைக்கும்.

ஹர்த்தால் என்றால் உங்கள் மத்தியான உறக்கத்தை நாள் முழுக்க நீட்டியது. முன்னறிவிப்பு ஏழு நாள் வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; கட்சிகளின் ஞாபகசக்தியை நம்ப முடியாது. அன்று காலை பாறசாலை பூட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடங்கள். களியக்காவிளையில் பிரியாணி வெந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டு பந்த் அன்று வடக்கே நடங்கள்.

கடைசியாகச் சாயாக்கடை. கடைக்காரரை "அண்ணா" என்று கூப்பிட்டால் எந்தக் கரையிலும் ஒத்துப்போகும். கடை நடத்துகிறவர் பெண் என்றால் இங்கே "சேச்சி", அங்கே "அக்கா", குழம்பினால் சிரித்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்ததும் விசாரணை தொடங்கும்.

"ஊரு எங்கயாக்கும்?"

"ஸ்பெயின்."

"அதுல எந்தப் பக்கமாக்கும்?"

பார்த்தீர்களா, எங்களுக்குத் தெரியும் நாடு என்று சொன்னால் பதில் முடியாது என்று. நவார் என்றால் சவேரியார் ஊர் என்று சொல்லுங்கள், கடைசி மேசையில் இருப்பவர்கூட எழுந்து வந்து கைகுலுக்குவார். பார்சிலோனா என்றால் பந்தாட்டம் பேச வேண்டியிருக்கும். அர்ஜென்டினாவா பிரேசிலா என்று கேட்பார்கள், 2010 கோப்பையை நாங்கள் வாங்கினோமே என்று நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதற்கு அடுத்த கேள்வி விசாவைப் பற்றியது. அங்கே வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, தங்கை மகன் நர்சிங் முடித்திருக்கிறான். அந்த இடத்தில் எழுந்து, கேஎஸ்ஆர்டிசி பஸ் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். வந்திருக்காது. அது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் வழிவிடுவார்கள்.